கட்சி மாறிய அண்ணாச்சி

போன வருடம் மழை தொடங்கிய சமயம். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைவீதியில், ஒரு பெயின்ட் கடையின் மாடி வீட்டில் நடந்தது இது.

அந்தக் கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பூர்வீகம் நாஞ்சில் நாடு. நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவன். எங்கள் இருவரையும் ஒரு மலையாளி நண்பரையும் சேர்த்தது ஒரே ஒரு கிறுக்கு: எழுபதுகளின் ராக் இசை. கடைவீதி ஓய்ந்து கிடக்கும் ஞாயிறு மதியங்களில் அந்த மாடியில் கூடுவோம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எந்த இசைக்குழு என்று தெரியாமலே இரண்டு பாட்டுகளைக் கேட்போம். எதில் வாசிப்பு உசத்தி என்று பிறகு சண்டை போடுவோம். தோற்றவர் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கித் தர வேண்டும். குழுக்களின் பெயர்களை எழுதினால் வாசகர்களும் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எனக்கு விரல் வேகம் முக்கியம். அண்ணாச்சிக்கு வேகமே ஆகாது. ஒரே ஒரு சுரத்தை உச்சத்தில் இழுத்து வளைத்து அழ வைக்கும் ஒரு லீட் கிடார்காரர்தான் அவருக்குத் தெய்வம். கிடார் வாசிக்கத் தெரிந்த மலையாளி நண்பர் இரண்டு பேரையும் கிண்டல் செய்வார். வருடக்கணக்கில் இப்படியே போனது.

திடீரென்று அண்ணாச்சி கட்சி மாறினார். லீட் கிடார் எல்லாம் வெறும் ஜிகினா, பாட்டைத் தூக்கி நிறுத்துவது அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிடார்தான் என்று ஆரம்பித்தார். தன் தெய்வத்தின் வாசிப்பை நாங்கள் போட்டபோதுகூட, "ஒண்ணும் பெருசா இல்லையேடே" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்களைச் சீண்டத்தான் இப்படிப் பேசுகிறார் என்று நினைத்தேன். மலையாளி நண்பர், மனுஷனுக்கு வயசாகி ரசனை மழுங்கிவிட்டது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டார்.

மழை தொடங்கிய அந்த ஞாயிறன்று நண்பர் வரவில்லை. அண்ணாச்சியின் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுபவர், அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, விசில் வந்ததும் அணைத்துவிடச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். அண்ணாச்சியும் பலமாகத் தலையாட்டினார். நாங்கள் பேச்சில் இறங்கிவிட்டோம். விசில் அடித்தது. அவர் பேஸ் புராணத்தை நிறுத்தவில்லை. மறுபடி அடித்தது. வாதத்தில் ஜெயிக்காமல் எழுந்திருக்க மாட்டார் போல என்று விட்டுவிட்டேன். விசில் ஓயாமல் அடித்து, கடைசியில் தீய்ந்த வாசனையே வந்துவிட்டது. நான் ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன்.

"எங்கடே எந்திச்சு போன?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

குக்கர் விசில் அடித்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அடித்ததா, எத்தனை நேரமாக என்று கேட்டார்.

மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கனத்த ஓசைகள் நன்றாகக் கேட்கின்றன, கீச்சென்ற மேல் ஓசைகள் இரண்டு காதிலும் போய்விட்டன, போனது திரும்பாது, கருவி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு வாசிப்புக்கு நடுவே மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிப்பதாக மார்தட்டிய நாங்கள், கூடவே உட்கார்ந்திருந்தவரின் காது போவதைக் கண்டுபிடிக்கவில்லை. ரசனைக் கோளாறு என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணாச்சி காதைப் பற்றிப் பேசவே இல்லை. "அப்போ இத்தன மாசமா நான் பேசினதெல்லாம் சீக்குதானா? எனக்குன்னு ஒரு அபிப்பிராயமே இல்லையா?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

கருவி வந்த பிறகு, கூடிய முதல் ஞாயிறன்றே தன் பழைய தெய்வத்தின் பாட்டைப் போடச் சொன்னார். தகர டப்பாவுக்குள் கேட்பது மாதிரி இருக்கிறது என்று முதலில் முகம் சுளித்தார். லீட் கிடார் எழும்பியபோது கண் நிறைந்துவிட்டது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். இனிமேல் தாய்க்கட்சிக்குத் திரும்பிவிடுவார் என்று நானும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கிடார் அருமைதான். இல்லேங்கல. ஆனா அது சாஞ்சு நிக்கது பேஸ் மேலதான், பாத்துக்கோ. காது நல்லா இருந்த காலத்துல எனக்கு அது ஒரு நாளும் கேக்கல" என்றார் அண்ணாச்சி.

அன்று வீட்டுக்குப் போய், மனப்பாடமாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்த அந்தப் பாட்டைப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். அப்படியொரு ஆள் அதில் வாசித்துக்கொண்டிருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

யாராவது என்னிடமிருந்து மாறுபட்டுப் பேசினால், அவருக்கு என்ன கேட்காமல் போயிற்று என்று மட்டும் இப்போது நான் யோசிப்பதில்லை. எனக்கு என்ன கேட்கவில்லை என்றும் யோசிக்கிறேன்.