வாப்பாவின் மெயின் சுவிச்

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. ஆலங்குடாக் கடற்கரை விடுதியில் என்னை வேலைக்கு எடுத்தது அறைப் பதிவுகளைப் பார்ப்பதற்குத்தான். ஆனால் இணையம் விழும்போதெல்லாம் நானே எழும்பி ஓடுவதைக் கண்டு அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்குக் காற்று வேண்டும். அதே காற்று கூரையிலுள்ள அன்டெனாவை ஆட்டிவிட்டால் மட்டும் மூஞ்சி நீண்டுவிடும்.

இணையம் விழுந்தால் நான் மடிக்கணினியில் கறுப்பு ஜன்னலைத் திறப்பேன். அதில் படமில்லை, பொத்தானில்லை. கட்டளையை எழுதத்தான் வேண்டும். கணினி வெளியே பேசுகிற வாசல்களுக்கு அடப்டர் என்று பெயர். வயருக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று கேட்டால் பட்டியல் தரும். மூடு என்றால் மூடும், திற என்றால் திறக்கும். சொன்னதைச் செய்துவிட்டால் ஒரு வார்த்தை பேசாது, பிழை வந்தால்தான் வாய் திறக்கும். என் கணவரும் அந்த ரகம்தான், அதனால் எனக்கு அந்த ஜன்னலோடு ஒத்துப்போனது.

அந்த ஜன்னலில், யாருக்கும் சொல்லாமல், மன்னாரில் தனியாக இருக்கும் என் வாப்பாவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறில், யுத்தத்துக்குள், முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து அவசர அவசரமாக வெளியேற்றியபோது வாப்பா இளந்தாரி. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்துகொண்டு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று உம்மா கேட்டுக்கொண்டே இருப்பாவாம். வாப்பாவுக்கும் தெரியாது. அன்றிலிருந்து, வாசலைத் தாண்டுவதென்றால் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் தாண்டுவார். கரண்ட் வந்த பிறகு அது மெயின் சுவிச்சானது. கடைக்கு ஒரு பாண் வாங்கப் போனாலும் சுவிச் இறங்கும், குளிர்ப்பெட்டியில் மீன் இருந்தாலும் இறங்கும்.

யுத்தம் முடிந்து, உம்மாவும் மௌத்தான பிறகு, அவர் தனியாக ஊருக்குத் திரும்பிப் பழைய வளவில் வீடு கட்டினார். சீனி வருத்தம் வேறு. ஒருமுறை கிணற்றடியில் மயங்கி விழுந்து, கிடந்த இடத்தில் தானாகவே எழும்பியிருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று அழுது பார்த்தேன். சுவரில் ஒரு கமெரா பூட்டுவோம் என்றேன். "நான் என்ன கள்வனா?" என்று கேட்டார். கடைசியில், பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் தேவைப்படும் என்று பொய் சொல்லி இணையத்துக்கு ஒரு ரவுட்டரைப் பூட்டிவிட்டு வந்தேன். இரண்டு வீட்டையும் ஒரே வலைக்குள் கட்டுகிற மென்பொருளை அதிலும் என் கணினியிலும் போட்டேன். என் அடப்டர் பட்டியலில் புதிதாக ஒரு வாசல் வந்தது, வாப்பா வீட்டுக்கு மட்டுமான வாசல்.

அதன் வழியாக அந்த ரவுட்டரை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி கட்டளை கொடுத்தேன். வீட்டில் கரண்ட் இருந்தால், பதில் வந்தது என்று வரி வரியாக ஓடும். வாப்பா சுவிச்சை இறக்கினால், நேரம் கடந்துவிட்டது என்று ஓடும். விடிய சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போவார், பதில் நின்றுவிடும். திரும்பி வருவார், பதில் வரும். மதியம் லுஹருக்கும் அப்படித்தான். அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று அறிகிற அந்த நிமிஷத்தில்தான் எனக்குச் சோறு இறங்கும்.

காற்றுக் காலத்தில் ஒரு காலை. அன்டெனா ஆடி, விடுதி முழுக்க இணையம் போய்விட்டது. எல்லா வாசலையும் மூடித் திறந்து ஒருவழியாகச் சரிப்படுத்திவிட்டு வாப்பாவைப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது. சரி, கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். தேநீர் ஆறும் மட்டும் அந்த வரியே ஓடியது. போனுக்கு எடுத்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீடுகள் பாதி கட்டிப் பூட்டிக் கிடப்பவை, கூப்பிட்டுக் கேட்க யாருமில்லை. கணவரை வரச் சொன்னேன்.

"மச்சான், வாப்பாட வீட்டுல இருந்து பதிலே இல்ல. போவமா?"

"போனை அலுமாரிக்குள்ள வச்சிட்டு இருப்பார். நீங்க ஏன் இப்பிடித் துடிக்கிறீங்க?"

சொன்னாரே தவிர வேனை எடுத்தார். புத்தளம் தாண்டி, அனுராதபுரம் சுற்றி, மதவாச்சியில் மன்னார் ரோட்டுக்குத் திரும்பினோம். கிணற்றடி என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. மடியில் போனின் இணையத்தோடு கட்டிய கணினி, அதில் அதே வரி. அதை மூடுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

வாப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே விசிறி சுற்றியது. ரவுட்டரில் பச்சை விளக்கு.

"வாங்க மகள். என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

நான் அங்கேயே தொப்பெனக் குந்தி, வழியெல்லாம் கேட்டிருக்க வேண்டிய அடப்டர் பட்டியலைக் கணினியிடம் கேட்டேன். பட்டியலில் வாப்பா வீட்டுக்கான வாசல் மூடியிருந்தது. காலையில் எல்லாவற்றையும் மூடியவள் அதை மட்டும் திறக்க மறந்திருக்கிறேன். அவர் சுவிச்சை இறக்கினாலும் நான் வாசலை மூடினாலும் ஜன்னலில் ஓடுவது ஒரே வரிதான். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்காமலிருக்க முற்றத்துக்குப் போய்விட்டார்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்து ரவுட்டரைப் பிடுங்கி எறிவார் என்று நினைத்தேன். அவர் எழும்பி உள்ளே போய் மெயின் சுவிச்சைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப நான் சுவிச்ச இறக்கிற நேரமெல்லாம் நீங்க பயந்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஓம் வாப்பா."

அந்த வாசலைத் திறந்துவிட்டு ஆலங்குடாவுக்குத் திரும்பினோம். அடுத்த நாள் சுபஹுக்குப் பதில் நிற்கவில்லை. லுஹருக்கும் நிற்கவில்லை. அவருக்குத்தான் சுகமில்லையோ, பள்ளிக்குப் போகாமல் படுத்திருக்கிறாரோ என்று பதறிப் போனுக்கு எடுத்தேன். உடனே எடுத்தார். கடலோரம் நடந்துகொண்டிருந்தார், காற்றுச் சத்தம் கேட்டது.

"இனி நான் மெயின இறக்குறதில்ல மகள். நீங்க நிம்மதியா வேலையப் பாருங்க."

அடுப்பை அணைத்தோமா என்று இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்த மனிதர், எனக்காக வீட்டில் கரண்டை அப்படியே எரியவிட்டுவிட்டு வெளியே போகிறார். இப்போது அவர் வீட்டிலிருந்தாலும் பதில் வருகிறது, வெளியே போனாலும் வருகிறது. எங்காவது வழியில் விழுந்து கிடந்தாலும் வரத்தான் போகிறது. முன்பு ஒரு நாளில் நாலைந்து தடவையாவது அவர் வந்து சேர்ந்தது தெரியும். இப்போது ஒன்றுமே தெரியாது.

நேற்றும் கேட்டுப் பார்த்தேன்.

"வாப்பா, வெளிய போகக்குள்ள பழைய மாதிரி சுவிச்ச இறக்கிட்டுப் போங்களேன்."

"வேணாம் மகள்," என்றார். "நீங்க பயந்துருவீங்க."