இல்லாத கட்டிக்கு ஒரு நேர்த்திக்கடன்

எனக்கு முதலில் வந்தது வலி இல்லை, அரிப்பு. இடது மார்புக்குக் கீழே காசளவு சிவந்து, ஒரே வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. வேர்வை பட்டால் தீயாக எரிந்தது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு அரிப்பு வராமல் என்ன செய்யும் என்று பவுடரைக் கொட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இருபத்துமூன்று வருடமாகப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இடது மார்பு வளரவில்லை. பதினான்கு வயதில் வலது பக்கம் எல்லோருக்கும் போலத்தான் வந்தது. இடது பக்கம் சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல அப்படியே நின்றுவிட்டது. நாளைக்கு வரும், அடுத்த மாதம் வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். அம்மாவிடம் சொல்ல வெட்கம். தையல் பழகப் போனதே அதற்காகத்தான். ஜாக்கெட்டின் உட்புறம் யாருக்கும் தெரியாமல் பஞ்சு வைத்துத் தைக்கத் தெரிய வேண்டியிருந்தது.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. திண்டுக்கல் நாகல் நகரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பகுதிப் பெண்கள் பாதிப் பேருடைய மார்பளவு எனக்கு மனப்பாடம். ஒவ்வொருத்திக்கும் டேப்பைச் சுற்றும்போது வயிறு எரியும். அதிலும் கண்ணாடி முன்னால் நின்று, “ஒரு பக்கம் லேசா இறங்கித் தெரியுதுல்ல?” என்று சலித்துக்கொள்பவளைக் கண்டால், போடி வெளியே என்று கத்தலாம்போல இருக்கும். சிரித்துக்கொண்டே “அதெல்லாம் ஒண்ணும் தெரியலம்மா” என்பேன்.

ஊரில் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலும் அது அன்றோடு போய்விடும். போகாத பொறாமை ஒன்றே ஒன்று. அது என் தங்கை சுமதி மேல்.

என்னைவிட நான்கு வயது இளையவள். எரியோட்டில் முருங்கைத் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்துக் கடவுள் அவளிடமே கொடுத்துவிட்டான். நின்றாலும் நடந்தாலும் அழகு. போதாதென்று தொடை வரை முடி. என்னைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டுக்காரர்கள், காபித் தட்டோடு வந்த சுமதியைப் பார்த்து, “இந்தப் பொண்ணுதான?” என்று கேட்டார்கள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அரிப்பு புண்ணானதும் தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா பஞ்சையும் புண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. “இதுக்குச் சிகிச்சை இருக்குன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலியா?” என்று கேட்டார். நான் யாரிடமாவது சொல்லியிருந்தால்தானே அவர்கள் என்னிடம் சொல்வதற்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனுக்கு எழுதிக் கொடுத்தார். அவரும் பெண்தான். எனக்கிருப்பது ஹைப்போபிளேசியா (உறுப்பு முழுதாக வளராமல் நின்றுவிடுவது) என்றார். நோய் இல்லை, பிறவி அமைப்பு. மார்புத் தசைக்கு அடியில் இம்ப்ளாண்ட் (மருத்துவத்துக்கென்றே செய்த சிலிக்கான் பை) வைத்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஏறக்குறையதான், அச்சு அசலாக வராது என்பதை மூன்று முறை சொன்னார். நீங்களும் இதற்குப் போவதாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையைக் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அளவு முடிவு செய்யும் நாளில் ஒரு கூத்து நடந்தது. கடை நோட்டிலிருந்து ஒரு அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது உங்க அளவு இல்லையே. யாரோடது?”

“என் தங்கச்சியோடது.”

“உங்க இடது பக்கம் உங்க வலது பக்கத்துக்கு ஜோடியா வரணும்மா. தங்கச்சிக்கு ஜோடியா வரக் கூடாது” என்று சீட்டை மடித்து என் கையிலேயே கொடுத்தார். அவர் மேல் கோபம்தான் வந்தது.

என் கணவர் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறார். விஷயம் முழுதும் தெரிந்த ஒரே ஆள். “எனக்காகன்னா வேணாம். ஒனக்கு வேணும்னா செஞ்சுக்க” என்றார். நல்ல மனுஷன். இத்தனை வருடமாக இது அவருக்காக என்று எப்படி நினைத்தார் என்றுதான் தெரியவில்லை. சுமதி பக்கத்தில் ஒரு தடவையாவது மனசு எரியாமல் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் நல்லபடியாக முடிந்து தேதியும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான பொய்யைச் சொன்னேன்.

இந்த வயதில் மார்பைப் பெரிதாக்க ஆபரேஷன் என்று எந்த வாயால் சொல்வது? கடைக்கு வந்தவர்களிடம், “மாருல ஒரு கட்டி, எடுக்கணும்” என்றேன். யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லோர் முகமும் வெளுத்தது. அது வசதியாக இருந்ததால் சுமதிக்கும் போன் செய்து அதையே சொன்னேன்.

போனில் கேவல் கேட்டது. “எக்கா, ஒனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நான் வாரேன். தோட்டம் கெடக்கு, அவரு பாத்துக்கிருவாரு. நீ ஒண்டியா இருக்காத.”

அவள் எனக்காக அழுதது எனக்குப் பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ரொம்பவே பிடித்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருந்தது. தசையை விலக்கிப் பை வைப்பதால் முதல் வாரம் அந்த இறுக்கம் இருக்கும். மூச்சை நன்றாக இழுக்கவே பயமாக இருக்கும். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இறுக்கமான உள்ளாடையை ஆறு வாரம் கழற்றக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும், கையைத் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சுமதியிடம், “கட்டிய எடுத்த எடத்துல பள்ளம் தெரியாம இருக்கப் பை வச்சிருக்காக” என்று அடுத்த பொய்யைச் சொன்னேன். அவள் நம்பினாள். சோறு ஊட்டினாள். வெஞ்சனத்துக்குத் தினம் தோட்டத்து முருங்கைக்கீரை. உடம்பைத் துடைத்துவிட்டாள். இருபத்துமூன்று வருடம் கணவரைத் தவிர யாரும் பார்க்காத என் மார்பை, அவள் கண் கலங்காமல் பார்த்துக் கட்டு மாற்றினாள். குனிந்து மாற்றும்போது அவள் கழுத்தும் தோளும் என் கண்ணுக்கு நேரே இருக்கும். அந்த வலியிலும் எனக்குப் பொறாமை வந்தது. எனக்கே என்னைக் கண்டால் சீயென்று இருந்தது.

ஐந்தாம் நாள் என் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள்: “அது நல்ல கட்டியா இருக்கணும், நீ பொழச்சு எந்திரிக்கணும்னு பழனிக்கு முடி நேந்திருக்கேன்க்கா. டாக்டரு சரியாப் போச்சுன்னு சொன்ன ஒடனே மொட்ட போட்டுட்டு வந்துருவேன்.”

என் வாய்வரை வந்தது. கட்டியே இல்லையடி என்ற இரண்டு வார்த்தைதான். அவள் பின்னல் தோள் வழியாக என் மடியில் விழுந்து கிடந்தது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். போகட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. ஒரு வருடமாவது அவளும் குறையோடு நிற்கட்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சுமதி இரண்டு நாளுக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஒரு கல்யாண ஜாக்கெட் பாதியில் நிற்கிறது என்று கல்யாணப் பெண்ணின் வீட்டார் கெஞ்சினார்கள். வெட்டித்தானே கொடுக்கப் போகிறோம் என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து துணியை எட்டி எடுத்தேன். உள்ளே சுருக்கென்றது. மறுநாள் காலை இடது பக்கம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சீரோமா (அறுத்த இடத்தில் நீர் கோத்துக்கொள்வது) என்றார்கள். ஸ்கேனில் பார்த்து ஊசியால் நீரை எடுத்தார்கள். உங்களுக்கும் தையல் போலக் கைவேலை என்றால், அந்த ஆறு வாரமும் கடைச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

ஊசி போட்டு வெளியே வந்தால், தகவல் கேட்டு எரியோட்டிலிருந்து நேராக மதுரைக்கே வந்திருந்த சுமதி, ஆஸ்பத்திரி நடையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். “திரும்ப வந்துருச்சாக்கா?” என்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “வெறும் தண்ணிதான்டி” என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் முடிந்து கடைசியாகக் காட்டப் போனோம். சுமதியை வெளியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார் டாக்டர். தோல் மரத்திருப்பது சில மாதத்தில் சரியாகலாம், சிலருக்கு ஆகாமலும் போகலாம். பிறகு, “வயசாக ஆக வலது பக்கம் தளரும். இடது பக்கம் அவ்வளவா தளராது. பின்னால ஒரு காலத்துல மாத்த வேண்டியும் வரலாம்” என்றார்.

நல்ல வேடிக்கை. வலது பக்கத்துக்கு முப்பத்தெட்டு வயது, இடது பக்கம் என்றைக்கும் பதினெட்டு. இப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் என் பிள்ளைக்கு அன்று பால் கொடுத்தது வலது பக்கம் மட்டும்தான். இனி என் உடம்புக்குள்ளேயே ஒன்றைப் பார்த்து ஒன்று பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கும்.

வெளியே வந்ததும் சுமதி கேட்டாள்: “இனிமே வராதுன்னு சொல்லிட்டாகளா?”

“சொல்லிட்டாக.”

“முருகா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “வார வெள்ளிக்கெழம பழனிக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தாள். கம்பியில் மோதாமல் என் இடது பக்கத்துக்குத் தன் கையை அணையாக வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“கட்டியே இல்லடி.”

“அதான் எடுத்துட்டாகள்ல.”

“எப்பவும் இல்ல. எனக்குப் பொறந்ததுல இருந்து அந்தப் பக்கம் வளரல. பஞ்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஒன்னைய மாதிரி இருக்கணும்னு ஆபரேசன் செஞ்சேன். ஒன்னையப் பாத்தா எனக்கு எரியும்டி. சின்ன வயசுல இருந்தே.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். “ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கல” என்றாள். அவ்வளவுதான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் எரியோட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று வாரம் என் போனை எடுக்கவில்லை. முடியை இறக்க மாட்டாள் என்று நினைத்தேன். அப்படியே நடக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவளிடம் இருப்பது அவளிடமே இருக்கட்டும் என்று கேட்டேன்.

நான்காவது வாரம் கடை வாசலில் வந்து நின்றாள். மொட்டைத் தலை, சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா.

“ஏன்டி? அதான் சொன்னேன்ல, கட்டி இல்லன்னு!”

“நேந்தது நேந்ததுதான். எங்கக்கா பொய் சொல்லிட்டா, முடியத் தர மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்ல முடியுமா?”

நான் அவளையே பார்த்தேன். முடி போனதில் நெற்றி அகலமாகி, கண் இரண்டும் பெரிதாகி, கழுத்து இன்னும் நீண்டு தெரிந்தது. பாவி, மொட்டையிலும் அழகாக இருந்தாள். உள்ளே பழையபடி பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு இரண்டு பக்கமும் சரியான பிறகும் வந்தது. இனி எந்த ஆபரேஷனிலும் இது போகாது என்று தெரிந்துவிட்டது. அதனால் அவளிடமே சொன்னேன்.

“மொட்டையிலயும் அழகா இருக்கடி. எனக்கு எரியுது.”

“இந்த மண்டையப் பாத்துமா?”

“ஆமா.”

சுமதி சிரித்தாள். உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரிப்பு அப்படியே அழுகையானது. “ஒன்னைய மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிறாத. இன்னும் கோவந்தான்” என்று மூக்கைத் துடைத்தாள். பிறகு பக்கத்தில் நகர்ந்து, சந்தனத் தலையை என் இடது மார்பில் சாய்த்தாள்.

அந்தப் பக்கம் தோலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. முளைவிட ஆரம்பித்திருந்த முடி குத்தியதோ, சந்தனம் குளிர்ந்ததோ எனக்குத் தெரியவில்லை. அவள் தலையின் கனம் மட்டும் தெரிந்தது. அவள் முடி திரும்ப வளர்ந்து தோளைத் தொடும்போது எனக்கு உணர்ச்சி வந்திருக்கலாம், வராமலும் போகலாம். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.