புதிய இயங்குதளமும் செயலாளரின் உரைகளும்

என் மடிக்கணினிக்குப் பத்து வயது. ஒருநாள் காலை, புதிய விண்டோஸ் போடத் தனக்குத் தகுதியில்லை என்று அது திரையில் அறிவித்தது. மறுநாளும் அறிவித்தது. அதற்கடுத்த நாளும். குறிஞ்சாக்கேணியில் வீட்டிலிருந்தபடி சிங்களப் பிறப்புச் சான்றிதழ்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். தினமும் காலையில் தகுதி பற்றிப் பேச என் மாமியாருக்கே நான் இடம் கொடுத்ததில்லை.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஜனாஸா வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கும்படி சொன்னார்.

லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம், பழைய கணினியிலும் ஓடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஃபேஸ்புக்கில் அதற்கென்று இருந்த ஒரு குழுவில் நான்கு கேள்விகள் எழுதினேன். எத்தனையோ வகை இருக்கிறதாமே, எது இலகு? தமிழ் தட்டச்சு செய்யலாமா? பிரிண்டர் வேலை செய்யுமா? என் கோப்புகள் அழியுமா?

மதியத்துக்குள் எழுபது பதில்கள். கேட்கும் முன் தேடிப் பார்த்தாயா என்றார் ஒருவர். லினக்ஸை ஒவ்வொரு துண்டாகக் கையால் கட்டியெழுப்பினால்தான் இறைவன்மேலுள்ள ஈமான் உறுதிப்படும் என்ற தொனியில் இன்னொருவர். பிறகு என்னை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். பிரிண்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் ஒரு பெண் தன் தொலைபேசி இலக்கத்தை அனுப்பியிருந்தார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவர். அங்குள்ள கணினிகளுக்கெல்லாம் லினக்ஸ் போட்டவரும் அவர்தான். அழைத்தேன்.

"அக்கா, முதல்ல இதைச் சொல்லுங்கோ. நீங்கள் அதில என்ன வேலை செய்யிறனீங்கள்?"

எழுபது பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. சான்றிதழ் அடிப்பேன், அச்செடுப்பேன், வேறொன்றுமில்லை என்றேன். அப்படியென்றால் எந்த வகை என்றாலும் போதும், கணினியோடு வாருங்கள் என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். அவர் பென் டிரைவைச் செருகி, ஒன்றையும் நிறுவாமலே லினக்ஸை ஓடவிட்டுக் காட்டினார். என் பழைய விசைப்பலகை ஒழுங்கிலேயே தமிழ் வந்தது. பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "கழட்டினா சரி. அது வந்து போனதே உங்கட கணினிக்குத் தெரியாது." நடுவில் ஒரு வெள்ளைக்காரர் ஈரக் காற்சட்டையோடு வந்து துவாய் கேட்டார். அவருக்குத் துவாய் கிடைத்தது, எனக்குப் பென் டிரைவ். நிறுவும் முன் எல்லாவற்றையும் பிரதி எடுக்கும்படி இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

எடுத்தேன். என்னுடையதை எல்லாம். மறுநாள் காலை, பழைய விண்டோஸை வைத்துக்கொள்வதா, முழுவதும் அழிப்பதா என்று திரை கேட்டது. மாமியார் ஞாபகம் வந்தது. அழி என்று அழுத்தினேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பிரிண்டரும் முனகாமல் அச்சடித்தது.

அன்று பின்னேரம் என் கணவர் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மீனவர் சங்கத்தின் செயலாளர்.

"என்ட வீடியோவெல்லாம் எங்க?"

கூட்டங்களில் அவர் பேசிய பேச்சுக்கள். ஆறு வருடப் பேச்சு. அது அந்தக் கணினியில் இருந்தது என் நினைவிலேயே இல்லை. "அழிஞ்சி போச்சி, என்ட பிழைதான்" என்றேன். அவர் சத்தம் போடவில்லை. சங்கத்தில் யாரிடமாவது பிரதி இருக்கும் என்று சொல்லி, ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார். ஒருவரிடமும் இல்லை. மூன்றாவது ஆள், எந்தப் பேச்சு என்று கேட்டார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அது அடங்கிவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து, வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதைக் கண்டித்து அவர் பேசிய நாற்பது நிமிடத்தையும் போனில் பதிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், முதல் பத்து நிமிடம் நன்றாகவே பேசினார். வீட்டுக்கு வந்ததும் அதை இரண்டு இடங்களில் சேமித்து வைத்தேன். அவர் இரண்டையும் திறந்து கடைசிவரை பார்த்தார். நடுவில் என் கொட்டாவி ஒன்று நன்றாகக் கேட்கிறது. அதை வெட்டித் தரச் சொல்கிறார். எனக்கு இன்னும் வெட்டத் தெரியாது.