பெண்கள் வடம் பிடித்த டிராக்டர்

அந்த யோசனை முதலில் எனக்குத்தான் வந்தது. மாமா இன்றுவரை அதை ஒப்புக்கொள்வதில்லை.

பண்ணை வீட்டார் சென்னைக்குக் குடிபோய்விட்டார்கள். கொட்டகையைப் பிரிக்கப் போவதால், உள்ளே கிடந்த வைக்கோலை வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம் என்று பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் பசுவுக்காக அள்ளப் போனவள் நான். கையை விட்டு இழுத்தால் சில்லென்று இரும்பு தட்டுப்பட்டது. விலக்க விலக்க ஒரு விளக்கு, அப்புறம் நீண்ட மூக்கு, அப்புறம் என்னைவிட உயரமான ஒரு சக்கரம். கோயில் யானையை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தபோதுகூட நான் அப்படி வாயைப் பிளந்ததில்லை. ஏழாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் கோடுகளாக மட்டும் பார்த்த எஞ்சின், துருவும் எலிப்புழுக்கையுமாக என் எதிரில் நின்றது.

ஓட்டமாக ஓடிப்போய் மாமாவை இழுத்துவந்தேன். அம்மாவுக்குத் தம்பி, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, வேலைக்குக் காத்திருந்தவர்.

"மாமா, இது ஓடினா நம்ம வயல நாமளே உழுதுக்கலாம்ல?"

விஷயம் அதுதான். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து பிரிந்து எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் நிலம் வந்திருந்தது. நிலம் வந்ததே தவிர மாடு வரவில்லை. வாடகை ஏர்கள் ஊரில் எல்லார் வயலையும் உழுது முடித்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் நிலம் தரிசுதான்.

காரியக்காரர் சிரித்தார். "கொட்டகையப் பிரிக்கறதுக்குள்ள ஓடிச்சுன்னா ஓட்டிக்கிட்டுப் போங்க. இல்லன்னா பழைய இரும்புக்காரன் வந்து வெட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவான்."

அப்பா சிரிக்கவில்லை. அவர் விவசாயக் கூலிகள் சங்கத்து ஆள். "அது நம்ம வயித்துல அடிக்க வந்த வண்டி, மாப்ள."

கூலி நெல் கூட்டிக் கேட்டுத் தெருவே வயலில் இறங்காமல் இருந்த வருஷம், எங்கள் ஆட்கள் இல்லாமலே உழுதுவிடலாம் என்று பண்ணை வாங்கிய வண்டி அது. அதுவரை எனக்குத் தெரியும். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை.

"வண்டிக்கு என்ன மச்சான் தெரியும்? யாரு ஏறினாலும் ஓடும்" என்றார் மாமா.

"அப்ப நீயே ஏறிக்க. தெருவுல ஒருத்தனும் கை வெக்க மாட்டான்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஓர் ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடுவேன். இறுகிப்போன பிஸ்டன்களின் தலையில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்தோம். டீசல் குழாய்களை வாயால் ஊதித் தூர் எடுத்தோம். காற்று வடிகட்டிக்குள் மாமாவின் கை நுழையவில்லை, என் கை நுழைந்தது. உள்ளே எலி சேர்த்து வைத்திருந்த நெல், அள்ள அள்ள வந்தது. ஒருநாள் மாமா விசிறியைப் பிடித்துத் தள்ள, அது அரை விரல் நகர்ந்தது. அவ்வளவுதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரும்புக்குள் ஏதோ தூங்கிக்கொண்டிருந்தது, புரண்டு படுத்தது.

ஆனால் பேட்டரி கிடையாது. கியரில் போட்டு இழுத்தால்தான் எஞ்சின் பிடிக்கும். இழுக்க யார் வருவார்கள்? ஆண்கள் டீக்கடையோரம் நின்று வேறெங்கோ பார்த்தார்கள். அப்பாவும் அங்கேதான் நின்றார்.

வெளியூரில் நடவு முடித்துப் பெண்கள் திரும்பிவந்த நேரம். அம்மா சேற்றுக்காலோடு நின்று, மாமா மூஞ்சியையும் என் மூஞ்சியையும் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டி மூக்கில் மாமா கட்டியிருந்த கயிற்றை எடுத்தாள்.

"ஏண்டி, அன்னைக்கு இத நிறுத்தினது யாரு? நாமதானே? ஓடுதான்னும் நாமளே பாத்துருவோம், வாங்க."

"ஒம் புருஷன் பாக்குறாருடி."

"பாக்கட்டும். அவரு நாத்தும் சேத்துதான் முத்துது."

சிரிப்பு கிளம்பியது. அத்தனை பெண்களும் கயிற்றில் கை வைத்தார்கள். திருவாரூர்த் தேர் எங்கள் தெருப்பக்கம் வந்ததில்லை. வடம் இழுக்கும் விதம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரே சத்தம், ஒரே இழுப்பு. வண்டி முனகியது, நகர்ந்தது, இருமியது. திடீரென்று தரை அதிர்ந்தது.

புகைக்குழாய்க்குள்ளும் எலி நெல் சேர்த்திருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கரும்புகையோடு நெல் வானத்துக்குப் போனது. கருகியதும் பொரிந்ததுமாக, கார்த்திகைப் பொரி மாதிரி எங்கள் தலைமேல் கொட்டியது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு மழையில் பிறகு நான் நனைந்ததில்லை.

வண்டி நிற்கவில்லை. ஓட வைப்பதிலேயே குறியாக இருந்த நாங்கள், நிறுத்துவதைப் பற்றி நினைக்கவில்லை. மாமா பிரேக்கின் மேல் ஏறி நின்றே பார்த்தார். பெண்கள் கயிற்றைப் போட்டுவிட்டு, பழகிய விளையாட்டு மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். வண்டி நேராகப் போய் வைக்கோல் போரில் முட்டி அணைந்தது.

அப்பா நடந்து வந்தார். தோளில் விழுந்திருந்த பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

"சேத்துல எறங்குமா மாப்ள?"

"எறங்கும்" என்றாள் அம்மா. "கால் புதையுற உளை எங்கெங்கன்னு எனக்குத் தெரியும். காலையில நான் முன்னாடி நின்னு காட்டுறேன்."

"முன்னாடி நிக்காதம்மா, பிரேக் பிடிக்கல" என்று கத்தினேன்.

அம்மா அந்த உயரமான சக்கரத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு நாங்க குறுக்க நின்னப்பப் பிடிச்சுதுடி. நீ வயித்துல இருந்த. ஒரு முழம் இருக்கறப்பப் பிடிச்சுது."

பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். அது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் பிரேக் உடைந்துபோகவில்லை!

"மாமா, பிரேக் லைனிங்தான் காஞ்சு போயிருக்கும்" என்றேன். "விடிஞ்சதும் மொதல்ல அதக் கழட்டிருவோம். அப்புறம் சேத்துல எறக்கலாம்."