குறையாத போத்தல்

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முதுகெலும்பு வரை போயிருந்தது. கண்டியில் கரண்ட் பிடித்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருநாள் கிளினிக்கில் டாக்டர், இனி நோயைக் குறைக்க முடியாது, வலியைக் குறைக்கலாம் என்றார். அதற்கென்று கண்டிக்கு வெளியே ஓர் இல்லம் இருக்கிறது, சில நாள் அங்கே தங்குங்கள் என்று துண்டும் எழுதித் தந்தார்.

எங்கள் தோட்டத்துக்குத் திரும்ப மடுல்கெல்ல பஸ்ஸில் ஏறியதும் அவள் அந்தத் துண்டை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அங்க போனவங்கள எல்லாம் வேன்ல படுக்க வச்சுத்தான் கொண்டாந்தாங்க. நான் பஸ்ல வந்து எறங்குற ஆளு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேயிலை பெக்டரியில் மெஷின் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவன். வீட்டில் பேச்சு எப்போதும் அவளுடையதுதான்.

வலிக்கு ஒரு போத்தல் மருந்தும் கொடுத்திருந்தார்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் நாள் இரண்டு தடவை குடித்தாள். அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"இப்பவே குடிச்சுத் தீத்துட்டா கடைசியில எதக் குடிக்கிறது?"

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் அப்படித்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் எதற்கும் ஒரே வெள்ளை மாத்திரை. அதனால் கண்டியிலிருந்து வரும் மருந்தை யாரும் உடனே தீர்ப்பதில்லை. இருமல் மருந்தானாலும் பாதியை அடுத்த மழைக்கு வைப்பார்கள்.

நான் மறுத்திருக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் அலுமாரியைத் திறந்து போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மருந்து குறைந்திருக்காது. அவள் ஆயுசும் அவ்வளவு மிச்சம் இருப்பதுபோல எனக்கு ஒரு தெம்பு வரும். எனக்குப் பின்னால் அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. அந்த நாட்களில் அவள் பேசியதே இல்லை என்று சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. துண்டை அவளே எடுத்து நீட்டினாள். வேன் பிடித்துக் கூட்டிப்போனேன்.

இல்லத்தில் இருந்த நர்ஸ் யாழ்ப்பாணத்துப் பெண். என்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்டார். இவள் பையைத் திறந்து போத்தலைக் காட்டினாள்.

"இதென்னம்மா, ஊறுகாயே போட்டு வச்சிருக்கிறியள்?"

"கடைசிக்குன்னு வச்சிருக்கேன், மிஸ்."

"கடைசிக்கு நாங்கள் வேற தருவம். இது இண்டைக்குக் குடிக்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள்?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் நான் போனபோது அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த கட்டில் சிங்கள அம்மாவோடு அரைகுறைச் சிங்களத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று அந்தக் குரலைக் கேட்டேன். ஒரு கிழமை கழிந்ததும், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் புதிய செய்தி. பஸ்ஸில்தான் போவேன் என்று அடம்பிடித்து, பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள்.

அதன்பிறகு பதினெட்டு நாள் இருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்து நானே மருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒருநாள் மத்தியானம் கேட்டாள்.

"என்னய மொதமொதல்ல எங்க பாத்தீங்க? எப்பக் கேட்டாலும் சிரிச்சுட்டுப் போயிருவீங்க."

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இல்ல. அதுக்கு முந்தியே. கம்பளை ஸ்டேஷன்ல. மடியில ஒரு கோழிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்த."

"கோழியா? அப்புறம்?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்குக் கண் செருகிவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை. மறுநாள், "மிச்சத்தச் சொல்லுங்க" என்றாள். லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்கெல்லாம் போகட்டும்."

"அண்ணனுக்கு வெக்கத்தப் பாரு" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர்கள் போவதற்குள் தூங்கிவிட்டாள். பிறகு சரியாக விழிக்கவே இல்லை.

இன்னும் ஒரு மாதம் அப்படிப் பேசிக்கொண்டு இருந்திருந்தால் எப்படியாவது சொல்லி முடித்திருப்பேன். ரயில் வந்த சத்தத்தில் கோழி அவள் கையை விட்டு ஓடியது. பிளாட்பாரம் முழுக்கத் துரத்தி அதைப் பிடித்துக் கொண்டுவந்தேன். கோழியை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டு, அதைப் பிடித்துக் கொடுத்த ஆளைப் பார்க்காமலே அவள் ரயிலில் ஏறிப்போனாள். அந்த ஆள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.