பதினைந்து வாட் கதவுகள்

எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கப்பல் எஞ்சினியர். ஒரு விடுப்பில் வெளிநாட்டு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். குழாயும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆள் உயரத்தில் இரண்டு தட்டையான பலகைகள்.

“ஏலே கப்பக்காரா, கப்பல்ல உள்ள கதவைக் கழத்திட்டா வந்த?” என்று தெருவே விசாரித்தது.

பலகைக்குள்ளே, துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவில், வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு படலம். அதுதான் அசைந்து பாடும். அசைய இடம் கொஞ்சமே என்பதால் சத்தத்துக்கும் வரம்பு உண்டு. பதினைந்து வாட்டுக்கு மேல் ஆம்ப்ளிஃபயர் இணைத்தால் பொறி பாய்ந்து படலம் ஓட்டையாகும் என்று அவரே எனக்கு விளக்கினார். அந்த அளவுக்கு ஒரு வால்வ் ஆம்ப்ளிஃபயரும் வைத்திருந்தார். நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பாடகி மூச்சிழுப்பது கேட்கும். ஆனால் எங்கள் ஊரில் பாட்டு என்பது கேட்க விரும்பாதவனுக்கும் கேட்டாக வேண்டிய ஒன்று.

அப்போது அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனார் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிப் பிழைத்து, பின்னால் சொந்தத் தோணி வாங்கியவர். ஞாயிறன்று வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. இது தட்டிப்போனால் தம்பி பிரம்மச்சாரியாகவே கப்பலேறிவிடுவான் என்பது அவருடைய அக்காவின் கவலை.

“இது பாடுதா, மொனங்குதா? தெருமுனையில எறங்கும்போதே அவியளுக்குக் கேக்கண்டாமா?”

“இதுக்கு மேல வச்சா போயிரும்க்கா.”

“கோயில் திருநாளுக்குக் கட்டுத குழாய் இம்புட்டுண்டு. அது கடல் வரைக்கும் கேக்கு. ஒனக்கு ஆம்ப்ளிஃபயர் பாத்து வாங்கத் தெரியலலே.”

எத்தனையோ புயலில் எஞ்சினை நிற்கவிடாமல் ஓட்டியவர், அடுக்களை வாசலில் தோற்றார். மைக் செட் கடையிலிருந்து நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் வாடகைக்கு வந்தது. “ஒரு பாட்டுதானே, தாங்கும்” என்றார். எனக்கு வரம்பை விளக்கியதும் இதே வாய்தான்.

விருந்தாளிகள் படியேறினார்கள். அக்கா கண்ணைக் காட்ட, தம்பி குமிழைத் திருப்பினார். ஒரு வரி முழங்கியது. பலகைகளுக்குள் படபடவென நீலப் பொறி, கருகல் வாடை, பிறகு நிசப்தம். எஞ்சினியரின் முகத்தில் சம்பந்தமே கருகிவிட்டது போலிருந்தது.

பெண்ணின் தகப்பனார் மூக்கைச் சுளித்தார். “தாயி, அடுப்புல என்னமோ தீயுது.” பிறகு பலகைகளைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு எஞ்சினியர் பக்கம் காதைச் சாய்த்தார்.

“பாட்டு எப்பம் போடுவிய?”

வின்ச் இரைச்சல் அவர் காதில் பாதியை எப்போதோ வாங்கிவிட்டிருந்தது. அக்கா சட்டென்று சுதாரித்து, அவர் காதருகே கத்தினார். “கல்யாணத்தன்னைக்கு!”

சம்பந்தம் முடிந்தது. பெண்ணின் தகப்பனார் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கல்யாணத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும். எனக்கும் கேக்கணும்லா என்றார்.

கட்டினார்கள். ஒன்று மாப்பிள்ளையின் தலைக்கு நேர் மேலே. பலகைகளை மணமக்களுக்குப் பின்னால் நிறுத்தி, அக்கா பூச்சரம் தொங்கவிட்டிருந்தார். சாப்பிட்டு வந்தவர்கள் நின்று பார்த்து, ஜோடனை பிரமாதம் என்றார்கள்.