கிளடிஸின் காட்டுக்குள் போன நாலாவது ஆள்

இது நடந்த கதை. நாள், 2009 மே 16, சனிக்கிழமை. மணிகள்கூடச் சரியாகத் தெரியும். ஏனென்றால் கூடப்போன இராஜரட்ணம் அண்ணை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். ஸ்ரீதரன் என்னிடம் சொன்ன பிறகு, மற்ற இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஒரு சொல் பிசகவில்லை. நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் பன்னிரண்டு வருடம் இரவு வேலை முடித்து, ஆளில்லாத பஸ் தரிப்பில் தனியே நின்றவன். அங்கே என்னை வெருட்டியது குளிர் மட்டும்தான். ஆனால் இதைக் கேட்ட பிறகு, யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் ஓடுகிறது.

ஸ்ரீதரன், இராஜரட்ணம் அண்ணை, சூசைதாசன். மூன்று பேரும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். மூன்று பேருக்கும் மான் வேட்டைப் பைத்தியம் பிடித்து இரண்டு வருடமாகியிருந்தது. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்கு லைசென்ஸும் வேட்டை லைசென்ஸும் எடுத்துவிட்டார்கள். நவம்பரில் வேட்டை. அதற்குக் காடு வேண்டுமே! தனியார் காணிக்குள் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி தராமல் கால் வைக்க முடியாது. விசாரித்து விசாரித்து, வடக்கே இரண்டரை மணி நேரம் ஓடிப் போகிற தூரத்தில் ஒரு மனுசியைப் பிடித்தார்கள். பெயர் கிளடிஸ். எழுபது வயது, விதவை, இருநூறு ஏக்கர் காடு. முகம் பார்க்காமல் அவர் யாருக்கும் கையெழுத்து வைப்பதில்லை. மே மாத லோங் வீக்கென்ட் சனிக்கிழமை நேரில் வாருங்கள், காட்டைச் சுற்றிப் பாருங்கள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

எத்தனை பேர் என்பதில்தான் ஸ்ரீதரன் ஒற்றைக் காலில் நின்றான். நாலு பேர் என்றான்.

நாலாவது ஆள் அவனுடைய தம்பி பிரவீனன். அவன் அப்போது முள்ளிவாய்க்காலில் இருந்தான். கடலுக்கும் களப்புக்கும் நடுவில், ஒவ்வொரு நாளும் ஒடுங்கிக்கொண்டு வந்த அந்த மணல் துண்டில். ஜனவரியில் யாருடையதோ சாட்டிலைட் போனில் ஒரு நிமிடம் கதைத்தபோதுகூட அவனுக்குப் பகிடி குறையவில்லை. "அண்ணை, உங்கை மான் நிறையக் கிடக்காம், மெய்யே? நான் வந்தோடனை போவம். துவக்கு உங்கடை, குறி என்ரை." ஏப்ரல் 19க்குப் பிறகு அவனுடைய குரலே வரவில்லை.

அந்த மே மாதம் எங்கள் சனம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் போரை நிறுத்தச் சொல்லிக் கொடியோடு ரோட்டில். மற்ற நேரம் தொலைபேசிக்குப் பக்கத்தில். இந்த நேரத்தில் என்ன வேட்டை, என்ன காடு என்று ஸ்ரீதரனே முதலில் போக மறுத்தான். பிறகு மனம் மாறினான். தம்பிக்கு ஒரு இடம் கேட்காமல் விட்டால், அவன் இல்லை என்று தானே கையெழுத்து வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தான். அவன் வருவான், நவம்பரில் இங்கே நிற்பான், அதற்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் அவன் சாப்பிட்டுக்கொண்டும் வேலைக்குப் போய்க்கொண்டும் இருந்தான்.

மனைவி யோகமலர்தான் அனுப்பி வைத்தாள். "போட்டு வாங்கோ. போன் என்ரை மடியிலை கிடக்கும். அடிச்சால் முதல் மணியிலையே எடுப்பன்."

மாலை 5:50க்கு கிளடிஸின் வாசலில் வானை நிறுத்தினார்கள். நல்ல வெளிச்சம். ஆனால் மே மாதத்துக்கு ஒவ்வாத குளிர். கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தூண். தூண் நிறைய ஆணிகள். கிளடிஸ் ஒரு தகரப் பெட்டியிலிருந்து சிவப்பு மையால் இலக்கம் எழுதிய தகடுகளை எடுத்து ஆணிகளில் மாட்டினார். உள்ளே போகிறவர் ஒரு தகட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும்.

"எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, கூட வேட்டைக்குப் போனவர்கள் என் கணவரைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வண்டி எடுத்தார்கள்" என்றார் ஆங்கிலத்தில். "மறுநாள் உடலைத்தான் கண்டெடுத்தோம். அதற்குப் பிறகு எண்ணாமல் நான் யாரையும் உள்ளே விடுவதில்லை."

தூணில் நாலு தகடு தொங்கியது.

"இன்றைக்கு நாங்கள் மூன்று பேர்" என்றார் இராஜரட்ணம் அண்ணை.

"நான்கு" என்றார் கிளடிஸ். "ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாரே. கூச்ச சுபாவம்போல."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வான் நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"கிழவிக்குக் கண் தெரியேல்லை" என்று இராஜரட்ணம் அண்ணை தமிழில் முணுமுணுத்தார். சூசைதாசன் சிரித்தான். ஸ்ரீதரன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பயமும் வரவில்லை. யாரோ ஒருவர் நாலு என்று சொன்னதே அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. பாவம்.

"ஓம், நவம்பருக்கும் நாலு பேர்தான்" என்று அவசரமாகச் சொன்னான். சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்து வாங்குங்கள் என்றார் கிளடிஸ்.

அவர்கள் மூன்று தகடுகளை எடுத்தார்கள். நாலாம் இலக்கத் தகடு ஆணியிலேயே கிடந்தது. அதைச் சூசைதாசன் தன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

6:20. காட்டுக்குள் இறங்கினார்கள். இராஜரட்ணம் அண்ணை முன்னால், நடுவில் சூசைதாசன், கடைசியில் ஸ்ரீதரன். மான் நடக்கிற தடம் எது, காற்று எந்தப் பக்கம், யார் எங்கே காவல் நிற்பது என்று அண்ணை வாய் ஓயாமல் திட்டம் போட்டுக்கொண்டு போனார். "இந்தப் பாறையிலை நான். அந்த வளைவிலை சூசை. சிறி, நீ மேட்டிலை."

"தம்பிக்கு?" என்றான் ஸ்ரீதரன்.

ஒரு ஓடையோரம் காய்ந்த, வெயில் படுகிற இடமாகப் பார்த்து ஸ்ரீதரனே காட்டினான். "அவன் இஞ்சை நிக்கட்டும். அவனுக்குக் குளிர் பழக்கமில்லை." மற்ற இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

7:05. முதலில் கவனித்தவன் சூசைதாசன்.

நடக்கும்போது ஒன்றும் இல்லை. நின்றால்தான் கேட்டது. மூன்று பேரும் நின்ற பிறகு, பின்னால் இன்னும் ஒரு அடி விழுந்தது. சருகில்... சரக்.

"மான்" என்றார் அண்ணை.

மறுபடியும் நடந்தார்கள். நின்றார்கள்.

சரக்.

7:20. ஓடையைத் திரும்பக் கடக்கும்போது, ஈரச் சேற்றில் இவர்களுடைய சப்பாத்துத் தடங்கள் மூன்று. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கால் தடம். புதியது. தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

"கரடி" என்றார் அண்ணை. குரல் இறங்கிவிட்டது. "கரடியின்ரை பின்னங்காலும் மனிசன்ரை காலைப் போலைதான் இருக்கும். வகுப்பிலை சொன்னவங்களெல்லோ."

"எத்தினை விரல் அண்ணை?"

"அஞ்சு."

ஸ்ரீதரன் குனிந்து எண்ணினான். நாலு. சின்ன விரல் இருக்க வேண்டிய இடத்தில் சேறு வழவழவென்று கிடந்தது. பிரவீனன் பன்னிரண்டு வயதில் விறகு கொத்தும்போது கோடரி வழுக்கி இடக்கால் சின்ன விரல் போனது. ஆஸ்பத்திரிக்கு அவனைச் சைக்கிளில் வைத்து மிதித்தவனே ஸ்ரீதரன்தான்.

அவன் அதை மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

"வெளியிலை போவம்" என்றான்.

கேற்றை நோக்கி நடந்தார்கள். இப்போது பின்னால் வந்த அடிக்கு ஒரு தாளம் இருந்தது. ஒன்று அழுத்தமாக... ஒன்று இழுத்து...

அழுத்தமாக... இழுத்து...

காட்டில் ஒரு குருவிச் சத்தம் இல்லை.

7:38.

"அண்ணை..."

மூன்று பேருக்கும் கேட்டது. இராஜரட்ணத்தை ஊரே அண்ணை என்றுதான் கூப்பிடும். ஆனாலும் அது யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஸ்ரீதரன் வாயைத் திறந்தான். இராஜரட்ணம் அண்ணை பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதை! பதில் சொல்லாதை. மூண்டாம் தரம் கூப்பிடட்டும்."

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த விசயம்தான் அது. மம்மல் நேரத்தில், இருள் கவிகிற பொழுதில், முகம் தெரியாமல் ஒரு குரல் கூப்பிட்டால் முதல் இரண்டு தரமும் பேசக் கூடாது. பேய்க்கு மூன்றாம் தரம் கூப்பிட வராது. மனிதர் என்றால் மூன்றாம் தரமும் கூப்பிடுவார். கனடாவுக்கு வந்து இருபது வருடம், ஆனாலும் அது மறக்கவில்லை. மூன்று பேரும் அங்கேயே மரமாய் நின்றார்கள்.

"அண்ணை..."

இரண்டாம் தரம். கிட்டத்தில். ஸ்ரீதரனின் பிடரியில் குளிர் பட்டது.

திரும்பிப் பார்க்கச் சொல்லி உடம்பு முழுக்கத் தவித்தது. திரும்பவில்லை. இன்னும் ஒரு தரம். ஒரே ஒரு தரம் கூப்பிடடா தம்பி... என்று மனதுக்குள் கெஞ்சினான்.

மூன்றாம் தரம் வரவில்லை.

7:40.

"ஓடு" என்றான் சூசைதாசன். "சேசுவே... ஓடு!"

ஓடினார்கள்.

8:06. கேற். கிளடிஸ் ஆள்கணக்கு எழுதுகிற கொப்பியும் கையுமாக நின்றார். மூன்று தகடுகளையும் மாட்டினார்கள்.

நாலாவது ஆணி வெறுமையாக இருந்தது.

"ஒருவர் உள்ளே" என்றார் கிளடிஸ்.

"ஏதாவது சொல்லிப்போட்டு வா மச்சான்... போவம்" என்று சூசைதாசன் ஸ்ரீதரனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

ஸ்ரீதரன் சொன்னான். அவன் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் இன்றைக்கும் அவனைத் தூங்க விடவில்லை.

"அவர் போய்விட்டார்."

"எதில்? வந்தது ஒரு வண்டிதானே." கிளடிஸ் அவனுடைய தோளுக்கு மேலால் காட்டைப் பார்த்தார். முகம் இளகியது. "அதோ, வேலியோரம் நிற்கிறாரே. பாவம், மேலில் ஒரு துணி இல்லை. யாராவது ஒரு கோட் கொடுங்கள்."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்கவும் நிற்கவில்லை. வான் கதவு சாத்தினதுகூட அவர்களுக்கு ஞாபகமில்லை.

வீடு வர 10:50. யோகமலர் தொலைபேசியை மடியில் வைத்தபடியே இருந்தாள். "ஒருத்தரும் அடிக்கேல்லையப்பா" என்றாள். திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது.

ஸ்ரீதரன் நம்பிக்கையை விடவில்லை. சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமில் இருப்பான் என்றான். பெயர்ப் பட்டியல், கடிதம், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எட்டு மாதம் அலைந்தான். காட்டில் கேட்டதைப் பற்றி மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் பிரவீனன் செத்தவனாகிவிடுவான்.

2010 ஜனவரியில் வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது. குணவதி என்று ஒரு பெண். முகாமிலிருந்து அப்போதுதான் வெளியே விட்டிருந்தார்கள். கடைசி நாட்களில் பிரவீனனோடு ஒரே பங்கருக்குள் இருந்தவர். நம்பர் தேடிப்பிடிக்க இத்தனை நாள் ஆனது என்று மன்னிப்புக் கேட்டார்.

"பதினாறாம் திகதி பின்னேரம் செல்லடியிலை காயம், தம்பி. மருந்து ஒண்டும் இல்லை. பதினேழு விடியப்புறம் அஞ்சு பத்துக்குச் சீவன் போச்சு. திவசத்துக்கு நேரம் வேணுமெல்லோ, அதுதான் மணிக்கூட்டைப் பாத்து வைச்சனான்."

அங்கே மே 17 காலை 5:10 என்றால் ரொறன்ரோவில் மே 16 மாலை 7:40.

ஸ்ரீதரன் கேட்டான்: "ஏதும் சொன்னவனே, அக்கா?"

"மூண்டு மணியிலை இருந்து ஒரே புசத்தல். காட்டுக்குள்ளை நடக்கிறன், கால் விறைக்குது எண்டு. அந்த வெக்கைக்குள்ளை குளிருது எண்டான், தம்பி! என்ரை சீலையாலை போத்திவிட்டனான். கடைசியிலை அண்ணை எண்டு கூப்பிட்டான். ரெண்டு தரம். பிறகு காது குடுத்துக்கொண்டு கிடந்தான், ஆரோ பதில் சொல்லப் போகினம் எண்டமாதிரி."

"பிறகு?"

"அழுதான். அண்ணை திரும்பிப் பாக்காமல் நிக்கிறார் அக்கா, எண்டான்."

யோகமலர் ஓடி வந்து அவனைத் தாங்கிக்கொண்டாள். அவன் போனை விடவில்லை.

"எனக்குக் கேட்டது அக்கா... எனக்குக் கேட்டது. மூண்டாம் தரம் கூப்பிடுவான் எண்டுதான் நிண்டனான்."

கேட்ட கதை குணவதிக்கு விளங்கியிருக்க வழியே இல்லை. ஆனாலும் அந்த மனுசி மெல்லச் சொன்னார்.

"வாயைத் திறந்தவன்தான் தம்பி. மூச்சு இருக்கேல்லை."